உன் வார்த்தையில் சொல்லு

அவரை நினைத்தால் முதலில் வருவது, காவிரிப் பாலத்தின் நடுவே பஸ் பழுதாகி நின்ற ஒரு காலை வேளைதான். கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டு, "பாலத்துக்கு அந்தாண்ட போய் நில்லுங்க, மாத்து வண்டி வரும், இதே டிக்கெட் செல்லும்" என்றார். கூட்டம் தலையை ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தது. இவர் மட்டும் நகரவில்லை.

"அந்தாண்டன்னா எந்தப் பக்கம்? டவுன் பக்கமா, ஸ்ரீரங்கம் பக்கமா?"

"ஸ்ரீரங்கம் பக்கந்தாம்மா. அங்கேருந்துதான் வண்டி வரணும்."

"நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. வந்த வழியே திரும்பி நடக்கணும். பாலம் முடியற எடத்துல நிக்கணும். அங்க வர்ற வண்டியில ஏறினா புது டிக்கெட் வாங்க வேண்டாம். அப்படித்தானே?"

"அப்படித்தாங்க" என்ற கண்டக்டர், என் பக்கம் குனிந்து, "வாத்தியாரம்மாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் திரும்பிப் பார்த்தபோது கூட்டத்தில் பாதி டவுன் பக்கமாக வெயிலில் போய்க்கொண்டிருந்தது. அவர்தான் கையைத் தட்டிக் கூப்பிட்டு அத்தனை பேரையும் திருப்பினார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னொருத்தி யார் என்பதும் சிலருக்குத் தெரிந்துவிடும். அவள் எங்கோ நன்றாக இருக்கிறாள், இருக்கட்டும். அக்கா என்றுதான் நான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்குக் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. மாணவிகள் லேபில் சோதனை செய்யும்போது கூடவே நின்று பார்த்துக்கொள்வது. அக்கா அங்கே இங்கிலீஷ் டியூட்டர். நானும் அவரும் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரே வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கல்லூரி அவருக்குக் கொடுத்திருந்த வேலை மற்ற இங்கிலீஷ் லெக்சரர்கள் யாரும் விரும்பாத ஒன்று. கவிதையும் நாடகமும் அவர்கள் பங்கு. முதல் வருஷ பி.எஸ்ஸி. பெண்களுக்கு, கெமிஸ்ட்ரி புத்தகத்தையும் பிசிக்ஸ் புத்தகத்தையும் எப்படிப் படிப்பது, படித்ததை எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுப்பது இவர் பங்கு. லால்குடி, முசிறி, துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரை எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு, பி.யூ.சி.யை உருப்போட்டே தாண்டி வந்தவர்கள். பக்கம் பக்கமாக ஒப்பிப்பார்கள். நடுவில் நிறுத்தி ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள்.

அவருடைய வகுப்பு எங்கள் லேபுக்கு அடுத்த அறையில் நடக்கும். மற்ற நேரத்தில் அவர் உட்காருவதும் அங்கேதான். சுவர் மேலே கூரைவரை எட்டாது, பேசுவதெல்லாம் கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு நாலு வரிதான் நடத்துவார். ஒருத்தி வாசிக்க வேண்டும். எல்லோரும் புத்தகத்தை மூட வேண்டும். அப்புறம் அந்த வாக்கியம் வரும்: "இப்போ உன் வார்த்தையில சொல்லு."

"மிஸ், தமிழ்ல சொல்லலாமா?"

"தமிழ்ல சொல்லு, சைகையில சொல்லு, உங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லு. ஆனா புத்தகத்தோட வார்த்தை ஒண்ணுகூட வரக்கூடாது."

தமிழில் சொன்னதை அப்புறம் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக எழுத வைப்பார். நீளமான சொற்களைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. "பெரிய வார்த்தை தெரியலன்னா டிக்‌ஷனரியப் பாப்பே. இந்தப் பொடி வார்த்தைங்க இருக்கே, நெவர், ஒன்லி, அன்லெஸ், அதத் தெரிஞ்ச மாதிரியே தாண்டிப் போயிடுவே. அங்கதான் ஆள் விழறது" என்பார். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும், தனக்கு எது புரியவில்லை என்று ஒரு வரி எழுத வேண்டும். ஒன்றுமில்லை என்று எழுதினால் தாளைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

புரியவில்லை என்று சொல்கிறவர்களிடம் அவருக்கு அப்படி ஒரு பிரியம். மற்ற வகுப்பில் அடி வாங்காத குறையாக நின்ற பெண்கள், இவர் வகுப்பில் கையைத் தூக்கித் தூக்கி "புரியல மிஸ்" என்றார்கள். அதைக் கேட்டு முதல்வர் அம்மாவே ஒருமுறை, "உங்க வகுப்புல மட்டும் ஏன் யாருக்கும் ஒண்ணும் புரியறதில்ல?" என்று கேட்டாராம்.

ஆனால் "புரிஞ்சுது மிஸ்" என்று யாராவது சட்டென்று சொல்லிவிட்டால் வேறு மாதிரி ஆகிவிடும். முசிறியிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், பாவம், நல்ல பெயர் வாங்கலாம் என்று உற்சாகமாக அப்படிச் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு, அந்தப் பக்கம் வகுப்பு முழுக்க அடங்கிப்போனது கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். அக்கா சாக்பீஸைப் பிடித்த கையை மற்றொரு கையால் அழுத்திக்கொண்டு நின்றார்.

"அப்படிச் சொல்லாதேம்மா" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

எங்கள் வீட்டுக்கார மாமிக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். மாமி ஒன்று சொல்லி முடிப்பதற்குள் இவர் அதைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். "நான் என்ன பரீட்சையா எழுதிண்டிருக்கேன்? சாயங்காலம் பெருமாள் புறப்பாடு, வாசல்ல தண்ணி தெளிச்சு வையுங்கோன்னா, என்னைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கறாளே!" என்று என்னிடம் புலம்புவார். இன்னொரு நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஏண்டிம்மா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் கண்ணசரறாளே, அப்போ யாரோட பேசறா அவ? 'எங்கே, சொல்லு, சொல்லு'ன்னு கெஞ்சறா. கேக்கவே என்னவோ மாதிரி இருக்குடி."

எனக்கும் அது தெரியும். இன்னொன்றும் தெரியும். அக்கா லேபுக்குள் காலடி எடுத்து வைத்ததில்லை. ஏதாவது கேட்க வேண்டும் என்றால் வாசற்படிக்கு வெளியே நின்று கூப்பிடுவார். ஆசிட் நெடி ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாக்கியம் புரியாமல் கண்ணை இழந்த ஒரு பெண்ணைப் பற்றி அக்கா வருஷா வருஷம் முதல் வகுப்பில் சொல்வது சுவர் வழியாக என் காதில் விழுந்திருக்கிறது. அது இங்கேயே நடந்தது என்று எங்கள் டிபார்ட்மெண்டில் இருந்த மூத்த லெக்சரர்தான் ஒருநாள் சொன்னார். நான் வேலைக்கு வருவதற்கு முந்தைய வருஷம் நடந்தது. உறையூரில் தறி போடும் குடும்பத்துப் பெண் ஒருத்தி. கெட்டிக்காரி. ஆசிட்டில் ஒருபோதும் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும் என்ற வாக்கியத்தை அக்கா தன் வகுப்பில் நடத்தியிருந்தார். மறுநாள் காலை லேபுக்குப் போகும் வழியில் அந்தப் பெண் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றாள். பாடம் புரிந்ததா என்று அக்கா கேட்டார். "புரிஞ்சுது மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போய், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினாள். இடது கன்னத்திலிருந்து காதுவரை வெந்துபோயிற்று. இடது கண்ணும் போய்விட்டது. நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. படிப்பும் நின்றது.

"அதிலேருந்துதான் இவங்க இப்படி. யார் என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்லச் சொல்லுவாங்க. அந்தப் பொண்ணுகிட்ட அன்னிக்கு ஒரு தடவ கேட்டிருந்தா தப்பிச்சிருப்பாளேன்னு" என்றார் அந்த லெக்சரர்.

அதன்பின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் அவர் கண்டக்டரோடு மல்லுக்கட்டும்போது நானும் கூட நின்றேன்.

கல்லூரி திறந்த ஒரு ஜூன் மாதம், அட்மிஷன் நடந்துகொண்டிருந்த சமயம், அக்கா லேப் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். முகம் சரியாக இல்லை.

"கொஞ்சம் என் ரூமுக்கு வந்து கூட உக்காரு. அந்தப் பொண்ணு வந்திருக்கா."

எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை.

தாவணித் தலைப்பை இடப்பக்கமாக இழுத்து, முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நாங்கள் உள்ளே போனதும் தலைப்பை எடுத்துவிட்டாள். நான் பார்வையை விலக்கக் கூடாது என்று முயற்சி செய்தேன். தோல் இழுத்துப் பிடித்திருந்தது, கண் மூடிக் கிடந்தது. மறுபக்கம் இருபது வயசுக்குரிய வழுவழுப்பான கன்னம்.

"முதல் வருஷத்துல மறுபடி சேரணும்னு வந்தேன் மிஸ். அப்பா வந்து சம்மதம் சொல்லணும்னு பிரின்சிபால் அம்மா சொல்லிட்டாங்க. நாளைக்கு அப்பா வர்றாங்க. அதுக்கு முன்னாடி உங்களப் பாக்கணும்னு இருந்துச்சு."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் உன்ன வந்து பாத்திருக்கணும். உறையூர் வரைக்கும் ரெண்டு தடவ வந்துட்டுத் தெரு முனையிலேருந்தே திரும்பிட்டேன். அன்னிக்கு நான் உன்னத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கணும். உனக்குப் புரியலன்னு தெரிஞ்சிருக்கும்."

"எனக்குப் புரிஞ்சுது மிஸ்."

அக்கா அவளைப் பார்த்தார்.

"நல்லாவே புரிஞ்சுது. எங்க வீட்டுப் பக்கத்துப் பொண்ணு இங்க படிக்கறா. ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்புல நீங்க அந்த வாக்கியத்த எழுதிப் போட்டு, இது புரியாம ஒரு பொண்ணு கண்ண இழந்துட்டான்னு சொல்றீங்களாம். கேட்டதுலேருந்து எனக்கு மனசே ஆறல. அந்த வாக்கியத்த வகுப்புல மொதல்ல படிச்சு அர்த்தம் சொன்னதே நான்தான் மிஸ். நீங்க மறந்துட்டீங்க."

"அப்புறம் ஏன்…" என்றார் அக்கா.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அத்தை மகன், கரூர்ப் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு கிடையாது என்று பேசி முடித்துவிட்டார்கள். வருஷப் பரீட்சை பங்குனியில். அதையாவது எழுதிவிட்டுப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். நடக்கவில்லை.

"கை கொஞ்சம் வெந்தா கல்யாணத்தத் தள்ளி வெப்பாங்கன்னு நினைச்சேன். அதுக்குள்ள பரீட்ச எழுதிடலாம்னு. துளியூண்டுதான் ஊத்தினேன். மூஞ்சிக்கு வரும்னு நினைக்கல மிஸ்."

லேபில் யாரோ குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் சுவர் மேலாக வந்துகொண்டே இருந்தது.

"அன்னிக்குக் காலையில உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான் வந்தேன். நீங்க போர்டுல எழுதிட்டு இருந்தீங்க. பாடம் புரிஞ்சுதான்னு கேட்டீங்க. புரிஞ்சுது மிஸ்னேன். அப்போ போ, லேபுக்கு நேரமாச்சுன்னீங்க. போயிட்டேன்." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "உங்களக் குத்தம் சொல்ல வரல மிஸ். எனக்குப் புரியலன்னு மட்டும் இனிமே சொல்லாதீங்க. அதான் கேக்க வந்தேன்."

அக்கா சரி என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். முழங்கைவரை சாயம் ஏறிய கைகள். முதல்வர் அம்மாவின் அறைக்கு வெளியே, வராந்தாவில், அக்காவைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு தூணை ஒட்டி நின்றாள். அக்கா கேட்டுக்கொண்டதால் நானும் அங்கேயே இருந்தேன்.

"டீச்சரம்மா, புள்ள படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. எனக்கும் ஆசைதான். ஆனா ஒண்ணு தெரியணுங்க. தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கேளுங்க."

"என் தங்கச்சி ஒரு பேச்சுப் பேசுது. மாப்பிள்ளைய வேண்டாம்னு சொல்ல வக்கில்லாம, உன் மக வேணும்னே ஆசிட்ட ஊத்திக்கிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுது. நான் அதுக்காகத் தங்கச்சியோட பேச்ச முறிச்சுக்கிட்டேன். என் புள்ள அப்படிச் செய்யாதுன்னு கோயில்ல வெச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது." துண்டை முறுக்கினார். "நீங்கதான் அந்தப் பாடத்த நடத்துனீங்களாம். நான் கைநாட்டுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பாடம் என் புள்ளைக்குப் புரிஞ்சிருந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. புரிஞ்சுதான் செஞ்சான்னா, இந்தப் படிப்பும் வேண்டாம், அந்த மூஞ்சிய நான் பாக்கவும் வேண்டாம்."

அவள் தூணிலிருந்து கையை எடுக்கவில்லை. அக்காவின் கண்கள் ஒரு கணம் அவள் பக்கம் போய்த் திரும்பின.

"புரியலைங்க" என்றார் அக்கா. "அவளுக்கு அன்னிக்கு அது புரியல. இங்கிலீஷ் பாடம், இவ தமிழ்ல படிச்சு வந்த பொண்ணு. புரிய வெக்க வேண்டியது என் வேலை. நான் சரியா செய்யல. தப்பு என்னோடது."

பெரியவர் நெடுநேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

வகுப்பிலேயே நன்றாகப் படிக்கத் தெரிந்த அந்தப் பெண் நிமிர்ந்து, ஒற்றைக் கண்ணால் தகப்பனைப் பார்த்துச் சொன்னாள்: "ஆமாப்பா. எனக்குப் புரியலப்பா."

அவர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா என்றுகூட முதலில் தெரியவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அக்காவைக் கும்பிட்டார். "இந்தத் தடவ புரிய வெச்சிருங்கம்மா" என்றார்.

அவள் சேர்ந்தாள். அந்த வருஷம் அக்கா முதல் வகுப்பில் அந்த வாக்கியத்தை எழுதவில்லை. ஆனால் கதை அதற்குள் கல்லூரியில் வேர்விட்டிருந்தது. புதிதாக வந்த பெண்கள் அவளைக் காட்டி, "இங்கிலீஷ் புரியாம ஆசிட்ட ஊத்திக்கிட்டாளாம்" என்று கிசுகிசுத்தார்கள். அவள் காதில் விழும். ஒன்றும் சொல்ல மாட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா சாக்பீஸை வைத்துவிட்டுச் சும்மா நிற்பது எனக்குத் தெரியும். லேபில் அவளுடைய மேஜைக்குப் பக்கத்தில் நான் நின்றுகொள்வேன். அவள் கை நடுங்கியதே இல்லை. பி.எஸ்ஸி. முடித்து, வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்துப் போனாள். அவள் அப்பா கடைசிவரை தங்கையோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

உண்மை தெரிந்தபின் அக்காவுக்கு மனம் லேசாகியிருக்கும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். தான் செய்யாத தப்புக்காக இத்தனை வருஷம் வெந்துகொண்டிருந்தவர் அல்லவா. அப்படி ஆகவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்வது மட்டும் மெல்ல நின்றுபோயிற்று. கண்டக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இறங்கினார். மாமி ஒரு வேலையைச் சொன்னால், "சரிங்க மாமி" என்றார். "என்னடி, இவ இப்படி ஆயிட்டா? பழையபடி கேட்டுத் தொலைச்சாலே தேவலையே" என்று மாமியே வருத்தப்பட்டார். வகுப்பு முடிந்தபின் அறையிலேயே வெறுமனே உட்கார்ந்திருப்பார். யாராவது வருவார்கள் என்பதுபோல வாசலைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். சில நாள் பெண்கள் வந்தார்கள். பல நாள் யாரும் வரவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தைக் காலி செய்த அன்று மாலை, பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"உனக்குச் சம்மதந்தானே?"

"சம்மதந்தான் அக்கா."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் என் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாக, ஏதோ எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்போல. எனக்கு முதலில் சிரிப்பும், பிறகு பயமும் வந்தது. சம்மதம் என்று நான் சொன்னது நிஜந்தானா என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

"அப்படி என்னக்கா பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு அவ வந்து வாசல்ல நின்னப்போ நான் திரும்பவே இல்ல. போர்டப் பாத்துக்கிட்டே பேசினேன். அந்த மொகம் முழுசா எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது."